செவ்வாய்க்குப் போகும் கலத்தில் எந்தத் தண்ணீர்ச் சோதனையை ஏற்றுவது?

2009 மே மாதம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் மூன்று பேர் தண்ணீர்ப் பைகளை உயர்த்திப் பிடித்து ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். சிறுநீரிலிருந்தும், வியர்வையாகவும் மூச்சாகவும் அறைக் காற்றில் கலந்த ஈரத்திலிருந்தும் பிரித்தெடுத்த தண்ணீர் அது. சுத்திகரிக்கும் இயந்திரங்கள் 2008 நவம்பரிலேயே எண்டெவர் விண்ணோடத்தில் மேலே போய்விட்டன. இடையில் ஆறு மாதம் ஆனது. பழுதுகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதோடு, தண்ணீர் மாதிரிகள் பூமிக்கு இறங்கி, ஹூஸ்டனில் உள்ள ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு, குடிக்கலாம் என்ற சொல் மேலே போக வேண்டியிருந்தது.

அந்த ஆறு மாதக் காத்திருப்பு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இயந்திரம் சொன்னதை நம்பி யாரும் குடித்துவிடவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பு முடிந்தது நிலையம் தலைக்கு மேலே வெறும் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால்தான். நான்கு பேர் செவ்வாய்க்குப் போய்த் திரும்ப இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். நடுவில் எந்த மாதிரியும் பூமிக்கு வராது. வானொலிச் செய்தி ஒரு பக்கம் போகவே, இரு கோள்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் எடுக்கும். அப்படிப்பட்ட கலத்தில் எந்தச் சோதனைக் கருவிகளை ஏற்றுவது, எதை விட்டுவிடுவது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பொதுவாக இந்தக் கருவிகளை ஒப்பிடும்போது எது அதிகப் பொருள்களைக் கண்டுபிடிக்கும், எது நுணுக்கமாக அளக்கும் என்று பார்ப்பார்கள். நான் வேறு ஒரு கேள்வியை முன்னால் வைக்கிறேன். பதில் வந்த பிறகு அந்த நான்கு பேர் என்ன செய்வார்கள்? அவர்களால் செய்ய முடிந்தவை சிலதான்: தொடர்ந்து குடிப்பது, சேமிப்புத் தண்ணீருக்கு மாறுவது, வடிகட்டிப் படுகையை (அசுத்தங்களைப் பிடித்துவைக்கும் பொருள் நிரப்பிய அடுக்கு) மாற்றுவது, குழாய்களைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவது. ஒரு சோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும் செய்யப்போவது ஒன்றே என்றால், அந்தக் கருவியின் எடைக்கு ஈடாக இன்னும் கொஞ்சம் தண்ணீரையே ஏற்றலாம்.

காலதாமதத்துக்கும் எடை உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு நாளைக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேருக்குப் பன்னிரண்டு லிட்டர். சோதனை முடிவு வர இரண்டு நாள் ஆகுமென்றால், அதுவரை குடிக்க 24 கிலோ தண்ணீர் தனியாக இருக்க வேண்டும். இரண்டு மாதம் ஆகுமென்றால் 720 கிலோ. இரண்டு நிமிடத்தில் முடிவு சொல்லும் எளிய கருவி சில நேரம் துல்லியமான பெரிய கருவியைத் தோற்கடிப்பது இந்தக் கணக்கால்தான்.

முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றி

அப்போலோ கலங்களில் எரிபொருள் மின்கலங்கள் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுத்தன. அதோடு தண்ணீரும் கிடைத்தது. கட்டளைக் கலத்தில் பயணிகளே குளோரின் கரைசலைக் குடிநீரில் செலுத்துவார்கள். சந்திரனில் இறங்கிய கலத்தின் தொட்டிகளில் அயோடின் இருந்தது. தண்ணீரில் ஹைட்ரஜன் குமிழிகள் கலந்து வந்து வயிற்றை உப்ப வைத்தன என்பதுதான் அவர்களின் பெரிய புகார். விண்ணோடக் காலத்திலும் மின்கலத் தண்ணீர்தான். புதிதாகப் பிறந்த தண்ணீர் என்பதால் அதில் எதிர்பாராத ரசாயனம் வர வழி குறைவு.

மறுசுழற்சித் தண்ணீர் அப்படி இல்லை. அறைக் காற்றில் என்ன மிதக்கிறதோ, அதெல்லாம் குளிரூட்டும் தகட்டில் ஈரத்தோடு ஒதுங்கித் தண்ணீருக்குள் வந்துவிடும். கை துடைக்கும் ஈரத்தாளின் ஆல்கஹால், தலைக்குத் தடவும் திரவம், கம்பி உறையின் பிளாஸ்டிக், ஒட்டும் பசை எல்லாமே. ரஷ்யாவின் பழைய மீர் விண்வெளி நிலையத்தில் குளிரூட்டும் குழாயிலிருந்து எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் கசிந்தபோது அந்தக் கவலை காற்றோடு நிற்கவில்லை, காற்றின் ஈரத்திலிருந்து எடுக்கும் தண்ணீருக்கும் வந்தது. மூடிய கலத்தில் காற்றும் தண்ணீரும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள். தண்ணீர்ச் சோதனையைப் பற்றிப் பேசுகிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

2023-ல் நிலையத்தின் அமெரிக்கப் பகுதி 98 சதவீதத் தண்ணீரை மீட்டெடுக்கும் இலக்கை எட்டியதாக நாசா அறிவித்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் சுற்று எவ்வளவு இறுக்கமாக மூடுகிறதோ, வடிகட்டிக்குத் தப்பும் பொருள் அவ்வளவு தடவை திரும்பத் திரும்பச் சுற்றும். செவ்வாய்க் கலத்தின் சுற்று இதைவிட இறுக்கமாகத்தான் இருக்கும்.

மாதிரியை பூமிக்கு அனுப்புவது

தரத்தில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. ஆய்வுக்கூடத்தில் அறை நிறையக் கருவிகள், அனுபவமுள்ள ஆட்கள், சந்தேகம் வந்தால் இன்னொரு முறையில் சரிபார்க்கும் வசதி. விண்வெளி நிலையம் இன்றுவரை இதை நம்பியிருக்கிறது.

குறைகளும் உண்டு. மாதிரி பை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருக்கும். அதற்குள், கிருமிநாசினியாகச் சேர்த்த வெள்ளி பையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அயோடின் குறையும், பாக்டீரியா பெருகலாம் அல்லது சாகலாம். அப்புறம் இடம். 2011-ல் விண்ணோடங்கள் ஓய்வு பெற்றதும் பூமிக்குப் பொருள் கொண்டுவர ரஷ்யாவின் சோயுஸ் கலம் மட்டுமே மிஞ்சியது. அதில் ஆட்களுக்கே இடம் நெருக்கடி. 2012-ல் டிராகன் சரக்குக் கலம் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான் நிலைமை இளகியது.

சந்திரனுக்குச் சில நாள் போய்வரும் பயணத்துக்கு இது நல்ல முறை. மாதிரி பயணிகளோடு சேர்ந்து வீடு திரும்பும். அந்தப் பயணத்தில் முடிவெடுக்க உதவாவிட்டாலும் அடுத்த கலத்தைத் திருத்த உதவும். செவ்வாய்க்கு இது கணக்கிலேயே இல்லை.

குழாயில் பொருத்திய மின்கடத்தல் சென்சார்

இதை யாரும் புகழ்ந்து பேசுவதில்லை. நான் கொஞ்சம் பேச விரும்புகிறேன். தண்ணீரில் உப்பும் அமிலமும் கரைந்திருந்தால் மின்சாரம் கூடுதலாகக் கடக்கும். அதை அளக்கும் சிறு சென்சார் குழாயில் உட்கார்ந்து நொடிதோறும் எண் சொல்லும். யாரும் மாதிரி எடுக்க வேண்டாம், ரசாயனம் வேண்டாம், பயணிகளின் நேரம் ஒரு நிமிடம்கூட வேண்டாம். எண் மோசமானால் வால்வு திரும்பி, தண்ணீரை மறுபடியும் சுத்திகரிப்புக்கே அனுப்பிவிடும்.

நிலையத்தின் இயந்திரத்தில் இதற்குப் பின்னால் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. வடிகட்டிப் படுகைகளைத் தாண்டி வரும் சிறு கரிம மூலக்கூறுகளை, சுமார் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும் வினையறை ஒன்று உண்டு. அரைகுறையாக எரிந்தால் கரிம அமிலங்கள் மிஞ்சும், அமிலம் மின்சாரத்தைக் கடத்தும், சென்சார் பிடித்துவிடும். ஆக, மின்சாரத்தைக் கடத்தாத பொருள்களையும் மறைமுகமாகக் கண்காணிக்கலாம் என்று வடிவமைத்தவர்கள் எண்ணினார்கள். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. எரியாமலும் அமிலமாகாமலும் தப்பும் ஒரு பொருள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010 பதில் சொன்னது.

எப்படி இருந்தாலும் இது கலத்தில் இருந்தே ஆக வேண்டும். அதில் விவாதமே இல்லை.

கார்பனை எண்ணும் கருவி

தண்ணீரில் கரைந்த கரிமப் பொருள்கள் எதுவாக இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றி, அந்த வாயுவை அகச்சிவப்பு ஒளியால் அளந்தால் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு என்று ஒரே எண் கிடைக்கும். இந்தக் கருவி 2008 நவம்பரில், சுத்திகரிப்பு இயந்திரங்களோடு அதே விண்ணோடத்தில் போனது. தொடக்கத்தில் வைத்த எல்லை லிட்டருக்கு 3 மில்லிகிராம் கார்பன்.

2010-ன் நடுப்பகுதியில் இந்த எண் மெல்ல ஏறத் தொடங்கியது. அதுவரை கருவியால் அளக்க முடியாத அளவு சுத்தமாக இருந்த தண்ணீர். மின்கடத்தல் சென்சார்களில் அசைவே இல்லை. நுண்ணுயிர்ச் சோதனையிலும் விளக்கம் கிடைக்கவில்லை. எண் மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறியது. என்ன பொருள் ஏறுகிறது என்று கலத்தில் இருந்த எந்தக் கருவியாலும் சொல்ல முடியவில்லை.

அந்த நிலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். எண் ஏறுகிறது. நச்சுப் பொருளாக இருக்கலாம், ஒன்றும் செய்யாத பொருளாகவும் இருக்கலாம். குடிப்பதை நிறுத்தினால் சேமிப்பு கரையும். தொடர்ந்து குடித்தால் எதைக் குடிக்கிறோம் என்று தெரியாது. கடைசியில் பூமிக்கு வந்த மாதிரிதான் முடிச்சை அவிழ்த்தது. ஹூஸ்டனில் உள்ள வேதியியலாளர்கள் அந்தப் பொருளுக்குப் பெயர் கண்டுபிடித்தார்கள்: டைமெத்தில்சிலேன்டையால். அழகுசாதனப் பொருள்களிலும் பசைகளிலும் இருக்கும் சிலோக்சேன்கள் காற்றில் கலந்து, ஈரத்தோடு வினைபுரிந்து உருவாகும் சிலிக்கான் சேர்மம். அது மின்சாரத்தைக் கடத்தாது, வடிகட்டிப் படுகையில் தங்காது, வினையறையிலும் முழுதாக எரியாது. அதாவது, சுத்திகரிப்பு இயந்திரத்தின் மூன்று காவல்களையும் தாண்டி வரக்கூடிய பொருள்.

பெயர் தெரிந்த பிறகு நச்சியலாளர்கள் உட்கார்ந்து கணக்கிட்டார்கள். ஆயிரம் நாள் குடித்தாலும் பாதிக்காத அளவு லிட்டருக்கு 35 மில்லிகிராம் என்று வந்தது. இந்தச் சேர்மத்தின் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கார்பன். அப்படியானால் 3 மில்லிகிராம் கார்பன் என்ற அபாய மணி அடிக்கும்போது தண்ணீரில் இந்தப் பொருள் 11, 12 மில்லிகிராம் இருக்கும். பாதிக்கத் தொடங்கும் அளவுக்கு வெகு தொலைவில். நிம்மதியாகக் குடிக்கலாம், படுகையை மாற்றும் வேலையையும் திட்டமிட்டுச் செய்யலாம். பிறகு அதே பொருள் மறுபடி தலைகாட்டியபோது யாரும் பதறவில்லை. கார்பன் எல்லையையும் பின்னாளில் 5 மில்லிகிராமாக உயர்த்தினார்கள்.

இந்த ஒரு சம்பவத்தில் கார்பன் கருவியின் பலமும் குறையும் முழுவதும் இருக்கிறது. மற்ற எல்லாக் காவல்களும் தூங்கியபோது மணி அடித்தது அதுதான். யாரும் எதிர்பார்க்காத பொருளுக்கும் அடித்தது. எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கத் தேவையில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் எவ்வளவு என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். எது என்று தெரியாது. சிலேன்டையாலின் ஒரு மில்லிகிராம் கார்பனும், எத்திலீன் கிளைக்காலின் ஒரு மில்லிகிராம் கார்பனும் அதற்கு ஒன்றுதான். குடிக்கிறவருக்கு ஒன்றல்ல.

நிறம் மாறும் வட்டு

தண்ணீரில் கிருமிநாசினி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. நிலையத்தின் அமெரிக்கப் பகுதியில் கிருமிநாசினி அயோடின். ரஷ்யப் பகுதியில் வெள்ளி. இரண்டையும் கலக்கவும் முடியாது. சேர்ந்தால் வெள்ளி அயோடைடாகப் படிந்து இரண்டும் வீணாகும்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பிறகு யூட்டா பல்கலைக்கழகத்திலும் வேலை செய்த வேதியியலாளர் மார்க் போர்ட்டரின் குழு உருவாக்கிய முறை 2009 ஆகஸ்டில் மேலே போனது. சிரிஞ்சில் 10 மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்து, ரசாயனம் ஊறிய சிறு வட்டின் வழியாகத் தள்ள வேண்டும். அயோடின் இருந்தால் வட்டு மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று கையடக்க ஒளிமானி படித்து எண்ணாகச் சொல்லும். இரண்டு நிமிட வேலை. வெள்ளிக்கு வேறு வட்டு.

எடையற்ற சூழலில் சிரமம் எங்கே வரும் தெரியுமா? சிரிஞ்சில். குமிழி மேலே ஏறாது, தண்ணீருக்கு நடுவிலேயே நிற்கும். 10 மில்லிலிட்டர் என்று கோடு காட்டும் இடத்தில் ஒரு மில்லிலிட்டர் காற்றாக இருந்தால் முடிவு பத்து சதவீதம் குறைவாக வரும். பையைக் கையில் பிடித்துச் சுழற்றினால் தண்ணீர் வெளிப்பக்கம் ஒதுங்கி, குமிழி உள்பக்கம் சேரும். பள்ளிக்கூடத்தில் வாளியைச் சுழற்றிக் காட்டுவார்களே, அதே இயற்பியல்தான்.

என் அளவுகோலில் இந்த எளிய வட்டு மிக உயரத்தில் நிற்கிறது. முடிவுக்கும் செயலுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. அயோடின் குறைவா? சேர்த்துக் கழுவு. அதிகமா? குடிக்கும் முனையில் உள்ள நீக்கி வடிகட்டி தேய்ந்துவிட்டது, மாற்று. அயோடின் தொடர்ந்து உடலுக்குள் போனால் தைராய்டைப் பாதிக்கும் என்பதால் அந்த வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று உறுதி சொல்வதும் இதே வட்டுதான். காத்திருக்கும் தண்ணீரின் எடை ஏறக்குறையப் பூஜ்யம்.

ஒரே கவலை ஆயுள். வட்டில் ஊறிய ரசாயனம் மூன்று ஆண்டு அலமாரியில் இருந்தபிறகும் அதே மஞ்சளைக் காட்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே பூமியில் அதே காலம் வைத்துப் பார்க்க வேண்டும். ஆழ்விண்வெளிக் கதிர்வீச்சு அதைத் தொடுமா என்றும் பார்க்க வேண்டும்.

எந்தக் கிருமிநாசினி என்ற தேர்வு சோதனைத் தேர்வையும் மாற்றிவிடும். அயோடின் என்றால், குடிக்கும் முனைக்குச் சற்று முன்னால் அதை நீக்கிவிடுகிறோம். கடைசிச் சில சென்டிமீட்டர் குழாயில் தண்ணீருக்குக் காவல் இல்லை. நுண்ணுயிர்ச் சோதனை அங்கேதான் முக்கியம். வெள்ளியை நீக்க வேண்டியதில்லை, அப்படியே குடிக்கலாம். ஆனால் அது உலோகச் சுவர்களில் மெல்லப் படிந்து தண்ணீரிலிருந்து மறைந்துகொண்டே இருக்கும். நாசாவின் ஓரியன் கலத்தை வடிவமைத்தவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களில் இதுவும் ஒன்று. வெள்ளியைத் தேர்ந்தெடுக்கும் கலம் வட்டுகளைக் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும்.

பாக்டீரியா: வளர்த்துப் பார்ப்பதா, மரபணுவைப் படிப்பதா

பழைய முறை எளிது. 100 மில்லிலிட்டர் தண்ணீரை நுண் வடிகட்டியின் வழியாகத் தள்ளி, வடிகட்டியில் ஊட்டத்தை ஊற்றி இரண்டு நாள் வைத்தால் ஒவ்வொரு பாக்டீரியாவும் சிவந்த புள்ளியாக வளரும். எண்ணிப் பார்க்கலாம். ஒரு மில்லிலிட்டருக்கு 50 புள்ளிகள் வரை அனுமதி. மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் வகைக்குத் தனிப் பை. அது இருந்தால் பை நிறம் மாறும். கோலிஃபார்ம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி.

குறைகள் என்ன? இரண்டு நாள் தாமதம். தண்ணீரில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இப்படிச் சுலபமாக வளராது, ஆகவே எண் எப்போதும் குறைவாகவே காட்டும். வளர்த்த பாக்டீரியாப் பையைச் சின்ன அறைக்குள் வைத்துக்கொண்டு வாழ வேண்டும். ஆனாலும் உயிரோடு இருப்பதை மட்டும்தான் எண்ணுகிறது. அது பெரிய நேர்மை.

புதிய முறை பரபரப்பானது. 2016 ஆகஸ்டில் விண்வெளி வீராங்கனை கேட் ரூபின்ஸ் நிலையத்தில் உள்ளங்கை அளவு மினையன் கருவியால் டிஎன்ஏ-வை வரிசைப்படுத்தினார்; விண்வெளியில் அது முதல் தடவை. அடுத்த ஆண்டு பெக்கி விட்சன் நிலையத்திலேயே எடுத்த, அதுவரை பெயர் தெரியாத நுண்ணுயிரிகளை அங்கேயே அடையாளம் கண்டார். பூமிக்கு அனுப்பாமல் பாக்டீரியாவின் பெயர் தெரிவது சிறிய சாதனை அல்ல. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

ஆனால் தண்ணீருக்கு இதை முதல் தேர்வாக வைக்க நான் தயங்குகிறேன். கருவி உள்ளங்கை அளவுதான். ஆனால் அதோடு போகும் நொதிகளுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும், அவற்றின் ஆயுள் குறைவு. சுத்தமான தண்ணீரில் பாக்டீரியா மிகக் குறைவு என்பதால் படிக்க டிஎன்ஏ போதாமல் போகும். அயோடினால் செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ-வும் படிக்கக் கிடைக்கும்; செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று தனியாகச் சொல்லாது.

இதையெல்லாம் தாண்டி முக்கியமான காரணம் ஒன்று. பெயர் தெரிந்து என்ன செய்வோம்? நிலையத்தின் தண்ணீரில் அடிக்கடி தென்படுவது ரால்ஸ்டோனியா, பர்க்ஹோல்டேரியா போன்றவை. எண்ணிக்கை எல்லை தாண்டினால் கிருமிநாசினி ஊற்றிக் குழாயைக் கழுவ வேண்டும். பெயர் ரால்ஸ்டோனியாவாக இருந்தாலும் வேறாக இருந்தாலும் பெரும்பாலும் அதே வேலைதான். யாராவது நோய்வாய்ப்பட்டு எந்த மருந்து கொடுப்பது என்று தெரியாத நிலையில் பெயர் விலைமதிப்பற்றது. அது மருத்துவத்துக்கான காரணம், நல்ல காரணம். மருத்துவப் பெட்டியின் கணக்கில் மினையனை ஏற்றிக்கொள்ளலாம். தண்ணீருக்குச் சிவப்புப் புள்ளிகள் போதும்.

ரசாயனத்தின் பெயர் சொல்லும் கருவி

பாக்டீரியாவின் பெயருக்கு நான் கொடுக்காத மதிப்பை ரசாயனத்தின் பெயருக்குக் கொடுக்கிறேன். முரணாகத் தோன்றலாம். 2010-ஐ நினைத்துப் பார்த்தால் தெரியும்: பெயர் தெரிந்த அந்த நாளில் செய்யவேண்டிய வேலையே மாறிவிட்டது. பெயர் சிலேன்டையால் என்றால் குடித்துக்கொண்டே இருக்கலாம். எத்திலீன் கிளைக்கால் என்றால் உடனே நிறுத்தி, குளிரூட்டும் குழாயில் கசிவைத் தேட வேண்டும். ஃபார்மால்டிஹைடு என்றால் எந்தப் பிளாஸ்டிக் சூடாகிறது என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் கார்பன் எண் ஒன்றாகவே இருக்கலாம்.

நாசா விண்கலத் தண்ணீருக்கு வகுத்த வரம்புகள் ஒரு நாள், பத்து நாள், நூறு நாள், ஆயிரம் நாள் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இருக்கின்றன. அந்தப் பட்டியல் அழகான வேலை: பத்து நாளில் சமாளித்துவிடுவோம் என்றால் இவ்வளவு வரை பயமில்லை, ஆயிரம் நாள் என்றால் இவ்வளவுதான் என்று பயணிகளுக்கு அவகாசம் கொடுக்கிறது. ஆனால் பொருளின் பெயர் தெரியாமல் பட்டியலின் எந்த வரியைப் படிப்பது?

வாயுக்களைப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபும் மூலக்கூறுகளின் எடை பார்க்கும் நிறமாலைமானியும் சேர்ந்த கருவிகள் நிலையத்தின் காற்றைப் பார்க்கப் பயன்பட்டிருக்கின்றன. 2019-ல் இன்னும் சிறிய ஒன்று மேலே போனது. இதைத் தண்ணீருக்கும் பயன்படுத்த, துளித் தண்ணீரை ஆவியாக்கி உள்ளே செலுத்தும் முன்பகுதி வேண்டும். காற்றும் தண்ணீரும் ஒரே சுற்று என்று மேலே சொன்னேனே, அதனால் ஒரே கருவி இரண்டையும் பார்ப்பது எடைக்கும் நல்லது, அறிவுக்கும் நல்லது. காற்றில் சிலோக்சேன் ஏறுவது முதலில் தெரிந்தால், தண்ணீரில் அதன் குழந்தை வரப்போவதும் தெரியும்.

சிக்கல்களை மறைக்க மாட்டேன். இந்தக் கருவிக்கு வெற்றிடப் பம்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், அவ்வப்போது அளவுத்திருத்தம் வேண்டும். சுலபமாக ஆவியாகாத பொருள்களைப் பிடிப்பது கடினம். பழுதானால் பயணிகளே பிரித்துச் சரிசெய்யும்படி கட்டவேண்டும். இன்றைய நிலையில் பட்டியலில் உள்ள எல்லாக் கருவிகளிலும் அதிக உழைப்பு கேட்பது இதுதான்.

நான் ஏற்றுவது

மின்கடத்தல் சென்சார்கள், ஒவ்வொரு குழாயிலும் இரண்டு. கார்பன் கருவி ஒன்று, இப்போதுள்ளதைவிடச் சிறியதாக. உதிரிப் பாகங்கள் முழுச் செட். நிறம் மாறும் வட்டுகள் தாராளமாக, வாரத்துக்கு ஒரு சோதனை என்ற கணக்குக்கும் மேலே பாதி கூடுதலாக. பாக்டீரியா வளர்க்கும் வடிகட்டிகள் மாதத்துக்கு ஒன்று, குடிக்கும் முனையில் எடுக்கும் தண்ணீருக்கு மட்டும்.

அப்புறம், மிஞ்சிய எடை அனுமதி முழுவதையும் பெயர் சொல்லும் அந்தக் கருவிக்குக் கொடுப்பேன். யாராவது வந்து, அதை விட்டுவிட்டு இரண்டாவது கார்பன் கருவியை மாற்றுக்காக ஏற்றலாமே என்று கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொல்லும் கருவிகள் அவை. அதைவிட இருபது கிலோ கூடுதல் சேமிப்புத் தண்ணீர் மேல். கார்பன் கருவி பழுதாகிக் கிடக்கும் நாள்களைக் கொஞ்சமாவது தாண்டவைக்கும்.

ஒன்றை மட்டும் கிளம்பும் முன் செய்யச் சொல்வேன். கலத்துக்குள் ஏறும் ஒவ்வொரு பசை, துடைதாள், தலைத் திரவம், ரப்பர் வளையம் ஆகியவற்றை மூடிய அறையில் வைத்து, அவற்றிலிருந்து ஆவியாகி வருவது என்ன, அது தண்ணீரில் விழுந்தால் என்னவாகும் என்று பூமியிலேயே பட்டியல் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கருவியின் நினைவகத்தில் ஏற்றி அனுப்பினால், எட்டாவது மாதத்தில் கார்பன் எண் ஏறும்போது அந்த நான்கு பேர் யாரிடமும் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தேகப் பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்கும், கருவி அதில் ஒன்றைச் சுட்டிக்காட்டினால் போதும்.